ஒரு சின்ன லைனும் ஊர் முழுக்க வீடுகளும்

எஸ்தர் கண்ணு,

நேற்று சாயங்காலம் நீ போனை வைத்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. நம் நெட் கடைக்கு இரண்டு பேர் புகார் சொல்ல வந்தார்கள். தலையை ஆட்டி அனுப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகு எந்தத் தெரு, என்ன கோளாறு என்று ஒன்றும் நினைவில்லை. அழவில்லை, சளி என்று நீ சொன்னாய். சளி பிடித்த குரலையும் அழுத குரலையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவளா நான்? "எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குடுக்கறம்மா. ஆனா ஒருத்தருக்கும் பத்தல" என்றாய். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஆபீஸ் மீட்டிங் கேட்கிறாய். பெங்களூரில் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு ஓசூர் வீட்டில் குழந்தை தூங்கினாளா என்று போனைப் பார்க்கிறாய். மாமியார் ஊர்க்கதை சொல்ல வந்தால் ஒரு காது அவருக்கு, ஒரு காது குக்கர் விசிலுக்கு. மாப்பிள்ளை நைட் ஷிஃப்ட் முடித்து வரும்போது நீ பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருக்கிறாய். அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் பஸ்ஸிலேயே தூங்கிப்போய், ஒரு நாள் இறங்கவேண்டிய ஸ்டாப்பைக்கூட விட்டுவிட்டேன் என்றாய். "நான் எங்கயுமே முழுசா இல்லம்மா" என்று நீ சொன்னாய். இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் கடை திறந்ததும் புகார் நோட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குச் சொல்ல வேண்டியதை நீதான் எனக்கு ஒரு நாள் செய்து காட்டினாய். நம் ஊர் பர்கூருக்கு வருகிற இன்டர்நெட் லைன் அறுந்துபோன அந்த நாள். நீ அதை மறந்திருப்பாய். தினமும் அதைவிடப் பெரிய லைன்களைக் கட்டி மேய்க்கிற வேலை உனக்கு. எனக்கு அந்த ஒரு நாள்தான் பெரிய நாள்.

அதற்கு முன்னால் இந்தக் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், எனக்காக. நீ ஸ்கூலுக்குப் போகாத வயசில் இது கேபிள் டிவி கன்ட்ரோல் ரூம். சூடேறின பெட்டிகளிலிருந்து ஒரு வாசனை வரும், ஞாபகம் இருக்கிறதா? மழைக்காலத்தில் நீ அந்தப் பெட்டிகள் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு உட்காருவாய், பூனைக்குட்டி மாதிரி. கிரானைட் பட்டறை வெங்கடப்பா அண்ணன் வீட்டு மாடிதான் அப்போது தெருவிலேயே உயரம். முதல் டிஷ்ஷை அங்கேதான் வைத்தோம். நாம் கேட்பதற்கு முன்னால் அவரே, "நம்ம மேல வெச்சிக்கோ தம்பி" என்று உன் அப்பாவிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தால் உடுப்பு மாற்றக்கூட விடமாட்டார்கள். போன் அடித்துக்கொண்டே இருக்கும். நம் தெருவில் படம் கண்ணாடி போலத் தெரியும். போகப் போக மங்கி, கடைசித் தெருவில் புள்ளி புள்ளியாக வரும். அந்தத் தெரு ஆட்கள் வந்து சத்தம் போட்டால் நீ என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "மொத ஊட்டுக்காரங்க எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாங்களாம்மா?" என்று கேட்பாய். எனக்குச் சிரிப்பு வரும். உன் அப்பா மட்டும் சிரிக்கமாட்டார். "ஆமா கண்ணு, ஏறக்குறைய அப்படித்தான்" என்பார்.

பிறகு ஃபைபர் என்கிற கண்ணாடி இழை வந்தது. தலைமுடி தடிமன் இழையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உன் அப்பா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். டிவி போய் இன்டர்நெட்தான் தொழில் என்று ஆனது. நீ உள்ளூர் அரசு இன்ஜினியரிங் காலேஜில் சேர்ந்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கை காய உட்கார்ந்திருந்தபோது, இது எப்படித்தான் ஓடுகிறது என்று உன்னைக் கேட்டேன். நீ பொறுமையாகச் சொன்னாய். கடையிலிருந்து ஒரே இழை போகிறது, தெருவில் அதைப் பிரித்துப் பல வீடுகளுக்குக் கொடுக்கிறோம். வீடுகளிலிருந்து திரும்பி வருவதும் அதே இழையில்தான். எல்லா வீடும் ஒரே நேரத்தில் அனுப்பினால் ஒன்றின் மேல் ஒன்று மோதிக் கெட்டுப்போகும். அதனால் கடையில் இருக்கிற பெட்டி ஒவ்வொரு வீட்டுப் பெட்டியையும் முறை வைத்துக் கூப்பிட்டு, உன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டு, அதற்குத் தக்கபடி நேரம் கொடுக்கும்.

"அனுப்ப ஒண்ணுமே இல்லாத ஊட்டையுமா கூப்புடும்?" என்று கேட்டேன்.

"கூப்புடும்மா. அதுக்கும் துளியூண்டு நேரம் எப்பவும் இருக்கும். இல்லன்னா, தனக்கு ஏதோ வேணும்னு சொல்றதுக்கே அதுக்கு வழி இல்லையே?"

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

லைன் அறுந்தது நீ படிப்பு முடித்து வீட்டில் இருந்த வருஷம். வெயில் இன்னும் இறங்காத மாதம். காலை இட்லிக்கு மாவை ஊற்றிக்கொண்டிருந்தபோது ஊர் முழுக்க நெட் நின்றது. அன்று உன் அப்பா வேறு வேலையாகக் கிருஷ்ணகிரி போயிருந்தார். அங்கிருந்தே கூப்பிட்டார். "குந்தாரப்பள்ளி கிட்ட ரோடு தோண்டற மிஷின் நம்ம லைன வாரிட்டுப் போயிடுச்சி. சந்தை நாளு வேற. ஒரே மாடும் லாரியுமா நிக்கிது. ஜாயின்ட் போடறவங்க உள்ள வரவே மத்தியானம் ஆவும். நான் அங்க போறன்." அதே பள்ளத்தில் செல்போன் டவருக்குப் போகிற லைனும் அறுந்திருந்தது. போனில் பேச மட்டும் முடிந்தது, நெட் ஓடவில்லை. நம்மிடம் மிச்சம் இருந்தது திருப்பத்தூர் பக்கத்திலிருந்து வருகிற சின்ன மாற்று லைன். ஒரு தெருவுக்குப் போதுமானது. அதில் ஊரையே ஏற்றவேண்டும்.

நீ கடைக்கு வந்து அந்த லைனைத் திறந்துவிட்டாய். எல்லாரும் ஒரே சமயத்தில் உள்ளே வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எந்த வீட்டிலும் ஒன்றும் திறக்கவில்லை. எல்லார் போனிலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அன்றைக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் காலேஜ் பட்டியல் பதிவதற்குக் கடைசி நாள். பக்கத்துத் தெரு செல்வி தன் மகளோடு வந்து படியில் நின்றாள். மகள் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அவர்களைத் தள்ளிக்கொண்டு கிளினிக் சாந்தா சிஸ்டர் வந்தார்.

"அக்கா, ஒருத்தருக்கு நெஞ்சு வலி. ஈசிஜி எடுத்துட்டோம். எங்க டாக்டர் ஊர்ல இல்ல. கிருஷ்ணகிரி டாக்டர் படத்தப் பாத்துட்டுதான் என்ன மருந்து குடுக்கறதுன்னு சொல்வாரு. படம் போவவே மாட்டேங்குது."

 "எஸ்தர், எல்லாரையும் நிறுத்திட்டு கிளினிக்குக்கு மட்டும் உடு" என்று கத்தினேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எல்லாரையும் நிறுத்த வேணாம்மா. அந்தப் படம் ரொம்பச் சின்னது. செல்வியக்கா பொண்ணு பதியறதும் சின்னதுதான். இதுங்களுக்குத் தேவையே கொஞ்சம். பெரிய பெரிய வீடியோங்க நடுவுல மாட்டிக்கினு நிக்கிது, அவ்ளோதான்."

அப்போதுதான் நீ அந்த வேலையைச் செய்தாய். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்ன அளவை ஒதுக்கினாய். அதில் யாரும் கை வைக்க முடியாது. ஒரு விண்ணப்பம், ஒரு படம், அதில் தடையில்லாமல் போகும். அதற்கு மேல் கேட்பவர்களுக்கு மிச்சம் இருப்பதிலிருந்து மட்டும், ஒருவர் முடித்த பிறகு ஒருவர். நீ கீபோர்டைத் தட்டிவிட்டுக் கையை எடுத்தாய். சாந்தா சிஸ்டரின் போன் அடித்தது, படத்தைப் பார்த்துவிட்டுக் கிருஷ்ணகிரி டாக்டர் கூப்பிட்டார். வாசலிலேயே நின்று கேட்டு, அங்கிருந்தே ஓடினார். அந்த மனிதரைப் பிறகு ஆம்புலன்சில் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோனார்கள். இப்போதும் காலையில் நம் கடையைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போகிறார். இப்படி ஒன்று நடந்ததே அவருக்குத் தெரியாது. செல்வியின் மகள் படியில் உட்கார்ந்தே, கடை வைஃபையில் பட்டியலைப் பதிந்து முடித்தாள்.

நான் மூச்சு விட்டேன். அந்த நேரத்தில்தான் வெங்கடப்பா அண்ணன் வந்தார். வெளிநாட்டுப் பார்ட்டிக்கு ஒவ்வொரு கல்லையும் வீடியோ எடுத்து அனுப்பவேண்டும். அவர்கள் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அன்று சாயங்காலம் கன்டெய்னர் கிளம்பும். காலையிலிருந்து பாதி வீடியோகூடப் போகவில்லை.

"ஏமிம்மா தங்கச்சி, ஊட்டுல போய் வாட்ஸப் பாக்கறவனுக்கெல்லாம் ஓடுது. நமக்கு ஓடல. கொஞ்ச நேரம் நமக்கு மட்டும் உடச் சொல்லு" என்றார்.

நான் உன்னைப் பார்த்தேன். டிஷ்ஷுக்கு மாடி கொடுத்தவர். உனக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று, அவர் வேறு சாமி கும்பிடுகிறவராக இருந்தும், சர்ச் வாசலில் வெயிலில் நின்றவர். "கண்ணு, மாமாவுக்கு மட்டும்..." என்று ஆரம்பித்தேன்.

நீ எழுந்து நின்று அவரிடமே சொன்னாய். "மாமா, உங்க வேலை ரொம்பப் பெருசு. இப்ப உட்டா உங்களுதும் பாதில நிக்கும், மத்தவங்களுதும் நிக்கும். மத்தியானத்துக்கு மேல கவுன்சிலிங் கூட்டம் கொறைஞ்சிடும். அப்ப மிச்சம் இருக்கறது பூராவும் உங்களுக்குத்தான். நானே போன் பண்றன்."

"மிச்சமா?" என்றார். இன்னொரு தடவை, மெதுவாக, "எனக்கு மிச்சமா?" என்றார். என்னைப் பார்த்தார். நான் புகார் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

உன் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது, எஸ்தர். "மனுசங்கள இப்படியா எடை போடுவ?" என்று கேட்டேன். "மனுசங்கள போடலம்மா. அவங்க கையில இருக்கற வேலையத்தான் பாத்தன்" என்றாய். எனக்கு அன்று அது புரியவில்லை. உன்னோடு பேசாமல் வருகிற போன்களை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்படி வாயை மூடிக்கொண்டு கவனித்ததால்தான் உன் வேலையை நான் முழுதாகப் பார்த்தேன். நீ யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. "எவ்ளோ நேரத்துல வேணும்?" என்றுதான் கேட்டாய். அப்படிக் கேட்டதும் பாதிப் பேர், "சாயங்காலம்கூடப் பரவால்ல" என்று அவர்களாகவே சொன்னார்கள். மத்தியானம் கூட்டம் கலைந்தது. சொன்னபடியே வெங்கடப்பா அண்ணனைக் கூப்பிட்டாய். வீடியோக்கள் ஒவ்வொன்றாகப் போயின. கன்டெய்னரும் கிளம்பியது. ஆனாலும் அவர் அடுத்த வாரமே வேறொரு கம்பெனி லைனுக்கு மாறிவிட்டார். கொஞ்ச காலம் நம் கடைப் பக்கம் பார்க்காமலே போனார். உன் கல்யாணத்துக்குத்தான் முதலில் வந்தார். பந்தியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கி உம் பொண்ணு என்ன மிச்சத்துல வெச்சிட்டா. ஆனா சொன்ன நேரத்துக்குக் கரெக்டா கூப்புட்டா. நம்ம பசங்ககூட அப்படிக் கூப்புடறது இல்ல" என்றார். அவர் பட்டறை லைனும் அந்த மாசமே நம்மிடம் திரும்பி வந்தது. இதை உன்னிடம் நான் சொன்னேனா என்று நினைவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சாயங்காலம் உன் அப்பா வந்தார். முழங்கால் வரை செம்மண். ஜாயின்ட் போடுகிற பையன்களுக்குக் குடை பிடித்து, மாடுகளை விரட்டிவிட்டு, கூடவே இருந்து முடித்திருக்கிறார். "சந்தைக்கு வந்த மாடெல்லாம் எம் மூஞ்சிய மோந்து பாத்துட்டுப் போச்சி. நடுவுல உக்காந்து கண்ணாடிய ஒட்டினோம்" என்று அவர் சொல்ல, நீ விழுந்து விழுந்து சிரித்தாய். உன் சிரிப்பைப் பார்த்து எனக்கும் கோபம் போய்விட்டது. நீ குளிக்கப் போனாய். நான் துணி எடுக்க உன் அறைக்குள் போனேன்.

கதவில் உன் நீலச் சுடிதார் இஸ்திரி போட்டு மாட்டியிருந்தது. மேஜையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தாய், முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி. நாற்காலிக்குப் பின்னால் சுவரில் இருந்த பழைய காலண்டரைக்கூடக் கழற்றிவைத்திருந்தாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வாரம் உனக்குப் பெங்களூர் கம்பெனியின் வீடியோ இன்டர்வியூ என்று சொல்லியிருந்தாய். எந்த நாள் என்று நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

ஈரத் தலையோடு வந்தவளிடம், "இன்னிக்கா?" என்றேன்.

"மத்தியானம்" என்றாய்.

"சொல்லக் கூடாதா? நம்ம லைன்தான? நம்ம கடைதான?"

"அவ்ளோ நேரம் வீடியோ ஓடணும்மா. நான் ஒருத்தி உக்காந்தா வெங்கடப்பா மாமாவுது நின்னுடும். அவரு கிட்ட இத்தன மணிக்குன்னு சொல்லிட்டேனே." துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "பரவால்லம்மா, வேற நாள் கேட்டு மெயில் போட்டிருக்கன்" என்றாய்.

அவர்கள் வேறு நாள் தரவில்லை. நீ அந்தச் சுடிதாரை மடித்து பீரோவில் வைத்தாய். அதற்குப் பிறகு எத்தனையோ மாசம் கடையிலேயே உட்கார்ந்திருந்தாய். இப்போது இருக்கிற வேலை கிடைத்தது அதற்கெல்லாம் பின்னால்தான். இதுவும் நல்ல வேலைதான், நல்ல மனிதர்கள்தான். ஆனாலும் அன்று ஊரில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அளவு வைத்த என் மகள், ஒரு பெயரை மட்டும் பட்டியலில் சேர்க்கவே இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நானும் அதைப் பார்க்கவில்லை.

நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டதும் எனக்கு அந்தக் காலைதான் ஞாபகம் வந்தது. எல்லாருக்கும் ஒரே சமயத்தில் சமமாகத் திறந்துவிட்டு, ஒருவருக்கும் ஒன்றும் போய்ச் சேராமல் வட்டம் சுற்றிக்கொண்டிருந்த காலை. நீ இப்போது அப்படித்தான் வாழ்கிறாய். குழந்தைக்குப் பால் கொடுக்கிற நேரம் பெரிய நேரம் இல்லை. அந்த நேரம் முழுக்க அவளுக்கே இருக்கட்டும். மீட்டிங் காத்திருக்கும். காத்திருக்காது என்றால், எவ்வளவு நேரத்தில் வேண்டும் என்று அவர்களைக் கேட்டுப் பார், வெட்கப்படாதே. உன் மாமியார் திருநெல்வேலியை விட்டு, பாஷையே கலந்துகிடக்கிற ஓசூருக்கு உங்களுக்காக வந்திருக்கிறார். அந்த அம்மா கேட்பது ஒரு காபி குடிக்கிற நேரம்தான். அதை இரண்டு காதும் கொடுத்துக் கேட்டுவிடு. அவருக்கு அது ஒரு நாளைக்குப் போதும். மாப்பிள்ளைக்கு உன்னோடு உட்கார்ந்து பேச நிறைய இருக்கும். அதை ஷிஃப்ட் மாறுகிற வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வைத்துக்கொண்டால் அந்த நேரத்துக்குச் சரியாக நீயே கூப்பிடு. காத்திருப்பது மனிதர்களுக்குக் கஷ்டம் இல்லை, கண்ணு. எப்போது என்று தெரியாமல் காத்திருப்பதுதான் கஷ்டம்.

உனக்கும் ஓர் அளவு வை. மிச்சத்தில் இல்லை, முதலிலேயே. தூங்க, குளித்துவிட்டுத் தலையைக் காயவைக்க, ஒன்றும் செய்யாமல் ஜன்னல் பக்கம் உட்கார. அதில் யாரும் கை வைக்கக் கூடாது. குழந்தையின் பெயரைச் சொல்லிக்கூட.

இதையெல்லாம் எழுதிப் படித்துப் பார்த்தால் எனக்கே கோபம் வருகிறது. அம்மாக்கள் எல்லாரும் இப்படித்தான், எப்படிப் பங்கு போடுவது என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொள்கிறோம். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பிரித்தாலும், இருப்பது கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான். உன் கெட்டிக்காரத்தனத்தில் குறை இல்லை. உன் வீட்டில் ஆள்தான் குறைவு.

அதனால் நான் வருகிறேன். திங்கட்கிழமை காலை பஸ். உன் மாமியாரோடு இன்று பேசிவிட்டேன். அவருக்குக் கோபமோ என்று பயந்துகொண்டேதான் பேசினேன். "வாங்க மதினி, எனக்கும் தனியா பயமாத்தான் இருக்கு. ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கிடுவோம்" என்றார். கடையை உன் அப்பா பார்த்துக்கொள்வார். புகார் சொல்ல வருகிறவர்களிடம் பொறுமையாகப் பேச இந்த வயசிலாவது அவர் பழகட்டும். எப்போது திரும்புவேன் என்று கேட்டார். எஸ்தர் போகச் சொல்கிற வரைக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.  அவர் போய், பேத்திக்கென்று வாங்கிவைத்திருந்த கிலுகிலுப்பையைக் கொண்டுவந்து என் பைக்குள் வைத்தார்.

நான் வருகிற அன்று நீ லீவு போடு. எனக்காகச் சமைத்து வைக்காதே, வீட்டைக் கூட்டி வைக்காதே. கதவைத் திறந்துவிட்டு, குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, போய்ப் படுத்துத் தூங்கு. ஆபீசிலிருந்து யார் கூப்பிட்டாலும் சரி, நான் உன்னை எழுப்பமாட்டேன்.

உன் அம்மா